பெட்ரோல் மெஷினை விட்டுப் பேட்டரியில் வேலிச்செடி வெட்டுவது எப்படி? முதல்முறை மாறுபவர்களுக்கு

பொள்ளாச்சி பக்கம் எங்கள் வீட்டு முன்னால் 60 அடி நீளத்துக்கு டுரண்டா வேலி இருக்கிறது, கேட்டை ஒட்டிக் கொஞ்சம் இட்லிப்பூவும் உண்டு. பதினோரு வருடம் இதைப் பெட்ரோல் ஹெட்ஜ் டிரிம்மரில்தான் வெட்டினேன், போன வருடம் பேட்டரிக்கு மாறினேன். எந்த மெஷின் நல்லது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். ஆனால் மெஷின் மாறினால் வெட்டும் பழக்கமும் மாற வேண்டும் என்பதை நான் கொஞ்சம் காசும் ஒரு மழைக்காலமும் செலவழித்துத்தான் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு அந்தச் செலவு வேண்டாம் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் எதற்கு மாற வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் டிரிம்மரில் இருப்பது சின்ன டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். பெட்ரோலில் டூ-டி ஆயில் கலந்து ஊற்ற வேண்டும், கம்பெனியைப் பொறுத்து லிட்டருக்கு 20 மில்லியோ 40 மில்லியோ. இந்த வகை எஞ்சினில் புதுப் பெட்ரோல் உள்ளே வரும் வழியும் புகை வெளியே போகும் வழியும் கொஞ்ச நேரம் சேர்ந்தே திறந்திருக்கும், அதனால் ஒரு பங்கு பெட்ரோல் எரியாமலே புகையோடு வெளியே போய்விடும், அது போகும் இடம் நம் முகத்துக்கு முன்னால். கலிபோர்னியாவில் 2024 முதல் இப்படிப்பட்ட சிறு பெட்ரோல் எஞ்சின் தோட்டக் கருவிகளைப் புதிதாகத் தயாரித்து விற்பதற்கே கட்டுப்பாடு கொண்டுவந்துவிட்டார்கள்.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. 2023-இல் இருந்து பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வர ஆரம்பித்தது. எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஈரம் அதிகமானால் இரண்டும் சேர்ந்து பிரிந்து டேங்க் அடியில் தங்கிவிடும். தினம் ஓடும் பைக்குக்கு இது பெரிய விஷயம் இல்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் டிரிம்மருக்குப் பெரிய விஷயம். சின்ன எஞ்சின்கள் பலவற்றின் கையேட்டில் 10 சதவீதத்துக்கு மேல் எத்தனால் வேண்டாம் என்றே போட்டிருப்பார்கள். ஆடி மாதம் மெஷினை எடுத்து முப்பது தடவை கயிறு இழுத்து, தோள்பட்டை வலித்து, கடைசியில் கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டு கடைக்குப் போன நாள்தான் நான் மாற முடிவு செய்த நாள்.

படி 1: வேலியை அளந்து பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன்னால் டேப்பை எடுங்கள். நீளம், உயரம், மேல்பக்க அகலம் மூன்றும் வேண்டும். எங்கள் வேலி 60 அடி நீளம், 4 அடி உயரம், 2 அடி அகலம். இரண்டு பக்கத்தையும் மேல்பக்கத்தையும் சேர்த்தால் வெட்ட வேண்டிய பரப்பு 600 சதுர அடி. அப்புறம் கிளையின் தடிமன். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கிளைகளில் பத்தைத் தொட்டுப் பாருங்கள். பென்சிலில் இருந்து சுண்டுவிரல் வரை இருந்தால் பேட்டரி மெஷின் தாராளமாகப் போதும். கட்டைவிரலைவிடத் தடியாக இருந்தால் அது எந்த டிரிம்மருக்கும் வேலை இல்லை, கவாத்துக் கத்தரியோ கைரம்பமோதான் எடுக்க வேண்டும்.

இரண்டு ஏக்கர் தோட்டத்தைச் சுற்றிக் கிளுவை வேலி வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பீர்கள். வருடத்துக்கு ஒருமுறை அதைக் கொடுவாளால் கழிக்கும் வேலைக்கு இந்த மெஷின் ஒத்துவராது. வீட்டு வேலிக்கும் சின்னத் தோட்டத்துக்கும்தான் நான் சொல்கிறேன்.

படி 2: பேட்டரியை முதலில் முடிவு செய்யுங்கள், மெஷின் அப்புறம்

இந்தப் படியில்தான் பெரும்பாலான ஆட்கள் தவறுகிறார்கள், நானும் தவறினேன். பேட்டரி டிரிம்மர் வாங்கும்போது நீங்கள் ஒரு பேட்டரிக் குடும்பத்துக்குள் போகிறீர்கள். ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனி மெஷினில் மாட்டாது. ஒரே கம்பெனிக்குள்ளும் மாட்டாமல் போகலாம். போஷ் பச்சை நிறத் தோட்டக் கருவிகளின் 18 வோல்ட் பேட்டரி அதே போஷின் நீல நிற 18 வோல்ட் கருவிகளில் பொருந்தாது. அதனால் வீட்டில் ஏற்கெனவே பேட்டரி டிரில்லிங் மெஷின் இருந்தால் அதே குடும்பத்தில் டிரிம்மர் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் பேட்டரி, சார்ஜர் இல்லாத வெறும் மெஷினை மட்டும் வாங்கலாம், நல்ல காசு மிச்சம். ஆன்லைனில் விலை குறைவாக இருக்கிறதே என்று வாங்கி, பெட்டியைத் திறந்தால் பேட்டரியே இல்லை என்று திகைப்பவர்கள் உண்டு. பெட்டிக்குள் என்னென்ன வரும் என்பதை வரி விடாமல் படியுங்கள்.

இப்போது எண்கள். ஒரு லித்தியம் செல் சராசரியாக 3.6 வோல்ட். ஐந்து செல்லை வரிசையாக இணைத்தால் 18 வோல்ட். அதே ஐந்து செல் முழுதாக சார்ஜ் ஏறியதும் 20, 21 வோல்ட் காட்டும். ஆகவே 18 வோல்ட், 20 வோல்ட் மேக்ஸ், 21 வோல்ட் என்று மூன்று பெட்டியில் மூன்று மாதிரி எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே அமைப்புதான். எவ்வளவு நேரம் ஓடும் என்று தெரிய வோல்ட்டை ஆம்பியர்-மணியால் (பேட்டரியில் Ah என்று போட்டிருப்பது) பெருக்குங்கள், பேட்டரிக்குள் எவ்வளவு மின்சாரம் அடங்கும் என்பது வாட்-மணியில் வரும். 18 வோல்ட், 2 ஆம்பியர்-மணி என்றால் 36 வாட்-மணி. 4 ஆம்பியர்-மணி என்றால் 72. 36 வோல்ட், 2 ஆம்பியர்-மணி பேட்டரியிலும் அதே 72தான். எனக்கு 72 வாட்-மணி பேட்டரி ஒன்று, விட்டுவிட்டு வெட்டினால் முக்கால் மணி நேரம் வருகிறது. 600 சதுர அடிக்கு ஒன்றரை பேட்டரி ஆகிறது. அதனால் 4 ஆம்பியர்-மணியில் இரண்டு வாங்குங்கள். பெரிதாக ஒன்று வாங்குவதைவிட இது வசதி, கை வலிக்காது, ஒன்று ஓடும்போது இன்னொன்று சார்ஜில் இருக்கும்.

நான் ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். பெயர் தெரியாத ஒரு மெஷின், பேட்டரி மேல் பெரிதாக "48" என்று எழுதியிருந்தது. விலை பாதி. இருபது நிமிடத்தில் நின்றது. தெரிந்த மெக்கானிக் ஒருவர் கழற்றிக் காட்டினார், உள்ளே ஐந்தே செல். அந்த 48 வோல்ட்டே கிடையாது, வெறும் மாடல் பெயர். அன்றிலிருந்து பேட்டரியைக் கையில் தூக்கிப் பார்க்காமல் வாங்குவதில்லை. 4, 5 ஆம்பியர்-மணி என்று சொல்லும் 18 வோல்ட் பேட்டரியில் வழக்கமாகப் பத்து செல் இருக்கும், எடை 600 கிராம் பக்கம் வரும். தீப்பெட்டிக் கட்டு மாதிரி லேசாக இருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். நீங்களே பேட்டரியைக் கழற்றிப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம், ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும்.

படி 3: மெஷின்

இது சுலபம். பிளேடு நீளம் 50 முதல் 55 சென்டிமீட்டர், இரண்டு பக்கமும் வெட்டும் பிளேடு, பல்லுக்குப் பல் இடைவெளி 20 மில்லிமீட்டர் பக்கம். கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் வாங்குங்கள், தேயும் பொருள் ஒன்று குறைகிறது. பேட்டரியை மாட்டி, தோள் உயரத்துக்கு இரண்டு நிமிடம் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

படி 4: பழைய மெஷினுக்குக் கடைசி வேலை

பெட்ரோல் மெஷினை உடனே மூலையில் போடாதீர்கள். வேலி ஆறு மாதம் வெட்டாமல் முற்றியிருந்தால் அதைப் பேட்டரி மெஷினில் தொடங்கினால் மனசு விட்டுப்போகும். பழைய மெஷினில் கடைசியாக ஒரு தரம் வெட்டி அளவுக்குக் கொண்டுவாருங்கள், டேங்கில் இருக்கும் பெட்ரோலும் தீரும். தீர்ந்ததும் அது தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள், கார்புரேட்டரும் காய்ந்துவிடும். கேனில் கலந்து வைத்த பெட்ரோல் மிச்சம் இருந்தால் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்ற வேண்டாம், பைக்கிலும் ஊற்ற வேண்டாம். பக்கத்தில் பிரஷ் கட்டர் என்கிற புல் வெட்டும் பெட்ரோல் மெஷின் வைத்து வேலை செய்பவர் யாராவது இருப்பார், என்ன அளவில் ஆயில் கலந்தது என்று சொல்லி அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

படி 5: சார்ஜ்

வெட்டப் போகும் முந்தின இரவே ஏற்றி வையுங்கள், மறுநாள் மாதாந்திர மின்தடை என்றாலும் கவலை இல்லை. செலவு என்று பார்த்தால், 72 வாட்-மணி பேட்டரியைப் பன்னிரண்டு தடவை முழுதாக ஏற்றினால் ஏறக்குறைய ஒரு யூனிட் ஆகும். வேலை முடிந்து சூடாக இருக்கும் பேட்டரியை உடனே சார்ஜரில் சொருகாதீர்கள், அரை மணி நேரம் நிழலில் வையுங்கள். சித்திரை வெயிலில் காருக்குள் விட்டுவிட்டுப் போவதைப்போல் பேட்டரிக்குக் கெடுதல் வேறில்லை.

படி 6: முதல் வெட்டு

காலை ஏழு மணிக்குத் தொடங்குங்கள். மெஷினை எடுப்பதற்கு முன் ஒரு நீளக் கம்பை எடுத்து வேலியை அடியில் இருந்து தட்டிக்கொண்டே ஒரு நடை போய் வாருங்கள். பாம்பு இருந்தால் விலகிவிடும், குளவிக் கூடு இருந்தால் தெரிந்துவிடும். தையல் சிட்டு இரண்டு இலையைச் சேர்த்துத் தைத்துக் கூடு வைத்திருக்கும், கண்ணுக்கே தெரியாது. எங்கள் வேலியில் போன ஆவணியில் அப்படி ஒன்று, இலையைப் பிரித்துப் பார்த்தால் கட்டைவிரல் அளவில் மூன்று குஞ்சுகள். அந்த நாலடியை மட்டும் விட்டுவிட்டு வெட்டி, ஒரு மாதம் கழித்துச் சரி செய்தேன். கேபிள், பழைய முள்கம்பி ஏதாவது செடிக்குள் மறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

முழுக்கைச் சட்டை, ஷூ, கண்ணாடி மூன்றும் கட்டாயம். டுரண்டாவில் முள் உண்டு. அரளி வேலி என்றால் இன்னும் கவனம், அதன் பால் நஞ்சு, கண்ணில் படவே கூடாது, வெட்டிய தழையை ஆடு மாடு தின்னும் இடத்தில் போடவும் கூடாது.

இரண்டு முனையிலும் குச்சி நட்டு, வேண்டிய உயரத்தில் நூல் கட்டுங்கள். முதலில் பக்கவாட்டு. பிளேடைக் கீழே இருந்து மேலே, விசிறி வீசுவதுபோல் வளைவாகக் கொண்டு போங்கள், அப்போதுதான் வெட்டிய தழை வெட்டாத இடத்தை மறைக்காது. அடி கொஞ்சம் அகலமாகவும் மேல் கொஞ்சம் குறுகியும் வருமாறு சாய்வாக வெட்டுங்கள். நேர் செங்குத்தாக வெட்டினால் மேலே நிழல் கட்டி அடியில் இலை கொட்டி, ஒரே வருடத்தில் வேலிக்குக் கீழே தெருநாய் நுழையும் ஓட்டை விழும். பக்கம் முடிந்ததும் நூலைப் பார்த்து மேலே வெட்டுங்கள், பிளேடு முன்பக்கம் சற்றே சாய்ந்திருக்கட்டும்.

பெட்ரோல் மெஷினில் பழகிய கை அழுத்தும். அந்த எஞ்சின் கத்திக்கொண்டே எதையும் தின்றுவிடும், நாமும் தள்ளுவோம். இங்கே தள்ளினால் பிளேடு கிளையில் சிக்கி நிற்கும், பேட்டரியும் சீக்கிரம் சூடாகும். மெதுவாக நடந்து மெஷினை அதன் வேகத்தில் வெட்ட விடுங்கள்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள். பெட்ரோல் மெஷின் சத்தம் நின்றால் ஆபத்து நின்றது என்று நமக்குப் பழகிப்போயிருக்கிறது. பேட்டரி மெஷின் சும்மா இருக்கும்போது சத்தமே இருக்காது, ஆனால் விசையில் கை பட்டால் அதே நொடியில் பல் ஓடும். சிக்கிய கிளையை எடுக்க வேண்டுமா, முதலில் பேட்டரியைக் கழற்றி இடுப்புப் பையில் போடுங்கள், அப்புறம் பிளேடைத் தொடுங்கள். ஒவ்வொரு முறையும்.

நான் முதல்முறை வெட்டும்போது அம்மா திண்ணையில் உட்கார்ந்து சித்தியுடன் போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் பத்தடி தள்ளி வெட்டுகிறேன், அவர் எழுந்து உள்ளே போகவே இல்லை. முன்பெல்லாம் நான் கயிற்றை இழுத்ததுமே ஜன்னலைச் சாத்திவிடுவார்.

படி 7: எத்தனை நாளுக்கு ஒருமுறை?

பெட்ரோல் காலத்தில் வருடத்துக்கு இரண்டு தடவைதான் வெட்டுவேன், ஏனென்றால் மெஷினைக் கிளப்புவதே ஒரு பாடு. அதற்குள் கிளை முற்றியிருக்கும், வெட்டியதும் வேலி ஒரு மாதம் குச்சி குச்சியாக நிற்கும். பேட்டரி மெஷின் மாட்டினால் ஓடும். அதனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழையில் துளிர் தள்ளும்போது மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மற்ற நாட்களில் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை நுனியை மட்டும் எடுக்கிறேன். இளங்கிளை என்பதால் ஒரே பேட்டரியில் முக்கால்வாசி முடிகிறது. எப்போது வெட்டினாலும் செடியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். இலை இல்லாத உள்கட்டை தெரியும் அளவுக்குப் போனால் துளிர்க்க நாளாகும்.

படி 8: வெட்டி முடித்த பிறகு

பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பிளேடை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடையுங்கள், ஒட்டியிருக்கும் பால் காய்ந்தால் மெஷின் திணறும். அப்புறம் தையல் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு. பத்துப் பன்னிரண்டு வெட்டுக்கு ஒருமுறை பல்லைத் தட்டை அரத்தால் தீட்டலாம், ஏற்கெனவே இருக்கும் சாய்வு மாறாமல் ஒரே திசையில் நாலைந்து இழுப்பு போதும். மெஷினில் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள்.

மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் பேட்டரியைப் பாதி சார்ஜில், மெஷினில் இருந்து கழற்றி, வீட்டுக்குள் குளிர்ந்த இடத்தில் வையுங்கள், தகரக் கொட்டகையில் வேண்டாம். சில வருடம் கழித்து அது ஓய்ந்துபோகும்போது குப்பை வண்டியில் போடக்கூடாது. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு, தனியாகப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு நமக்கு. புதுப் பேட்டரி வாங்கப் போகும்போது பழையதையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், முனைகளில் ஒரு இன்சுலேஷன் டேப் ஒட்டி.