அல்கோன்குயினில் பறவை பார்க்க: குளிருக்கு ஓடாதவற்றைத் தேடுங்கள்

ரொறன்ரோவின் ஸ்கார்பரோவிலிருந்து வடக்கே அல்கோன்குயின் பூங்காவுக்குப் போகும் நம்மவர்களில் பெரும்பாலோர் மேப்பிள் இலை சிவக்கும் வார இறுதியில்தான் போகிறார்கள். இலைக்கு அது சரி. பறவைக்குச் சரிப்படாது, நடைபாதை முழுக்கச் சனமாக இருக்கும்.

முதலில் எந்தப் பறவை வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். மே மாதம் தெற்கிலிருந்து வரும் வார்ப்ளர் குருவிகளுக்காக மூன்று மணி நேரம் கார் ஓட்ட வேண்டியதில்லை. வடக்கே போகும் வழியில் அவை ரொறன்ரோ ஏரிக்கரையிலேயே இறங்கி இளைப்பாறும். டொமி தொம்சன் பூங்காவில் ஒரு காலைப்பொழுது போதும். அல்கோன்குயினிலோ மே நடுவிலிருந்து கருப்பு ஈக்கள் காதோரம் கடித்து இரத்தம் வரவைக்கும். அப்படியும் போவீர்களானால் வெளிர்நிறச் சட்டை போடுங்கள். கருநிறம் ஈக்களுக்குப் பிடிக்கும்.

நான் போகச் சொல்வது பனியிலும் இடம்பெயராமல் அங்கேயே வாழும் பறவைகளுக்காக. அதற்கு மார்ச், ஏப்ரல் தோதான மாதங்கள். 60ஆம் நெடுஞ்சாலை பூங்காவுக்குள் 56 கிலோமீற்றர் ஓடுகிறது. மேற்கு வாசலிலிருந்து எண்ணும் கிலோமீற்றர்தான் அங்கே விலாசம். 42.5இல், ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரங்கள் நிற்கும் ஸ்புரூஸ் சதுப்புப் பலகைப்பாதைக்கு நேராகப் போங்கள். பலகையில் பனி இறுகி வழுக்கும். சப்பாத்துக்கு முள்பட்டி மாட்டிக்கொள்ளுங்கள்.

கனடா ஜே உங்களைத் தேடி வரும். சாம்பல் நிறம், கொண்டையில்லாத தலை, பயமே கிடையாது. ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றால் கேட்காமலே எடுத்துவிடும். எடுத்ததை என்ன செய்கிறது என்று பாருங்கள். வாய்க்குள் உருட்டி, பசைபோன்ற எச்சிலைப் பூசி, மரப்பட்டைச் செதிலுக்குள் செருகிவிட்டு அடுத்த மரத்துக்குப் பறக்கும். இலையுதிர் காலம் முழுக்க இப்படிச் சேமித்ததை நம்பித்தான், பனி கொட்டும் மார்ச்சிலேயே கூடு கட்டி முட்டையிடுகிறது. குளிர்தான் அதன் குளிர்சாதனப் பெட்டி. இலையுதிர் காலம் சூடானால் சேமிப்பு கெட்டுவிடுகிறது. இந்தப் பூங்காவில் இவை குறைந்து வருவதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் காரணமும் அதுதான். காலில் வண்ண வளையம் தெரிந்தால் அது அவர்கள் பின்தொடரும் பறவை. நிற வரிசையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்புரூஸ் காட்டுக்கோழிக்குப் பொறுமை வேண்டும். காலடிச் சத்தம் கேட்டால் ஓடாது, அசையாமல் நிற்கும். அதனாலேயே பலர் அதைக் கடந்து போய்விடுகிறார்கள். தாழ்ந்த கிளைகளையும் மரத்தடியையும் பாருங்கள். சேவலுக்குக் கண்ணுக்கு மேல் சிவப்புத் தோல் உண்டு. குளிர்காலம் முழுவதும் ஊசியிலைதான் சாப்பாடு; அதைச் செரிக்க இரைப்பையும் குடலும் பெரிதாகின்றன.

கருமுதுகு மரங்கொத்தியைத் தேட அண்ணாந்து பார்க்காதீர்கள், கீழே பாருங்கள். செத்த ஸ்புரூஸ் மரத்தடியில், பனிமேல் புதிய பட்டைச் சிம்புகள் சிதறியிருந்தால் அங்கேயே நில்லுங்கள். மெல்லிய தட்டல் கேட்கும். தலையில் மஞ்சள் பொட்டு இருந்தால் ஆண்.

பழுப்புத்தொப்பி சிக்கடீ என்ற சிறு குருவியைக் காதால் பிடியுங்கள். கருந்தொப்பி சிக்கடீக்களின் கூட்டத்தில் ஒரு குரல் மட்டும் மூக்கடைத்து இழுத்துப் பேசினால் அதுதான்.

கால் விறைத்துவிட்டால் 43ஆம் கிலோமீற்றரில் பார்வையாளர் நிலையம் இருக்கிறது. திறக்கும் நாட்களை முன்பே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் அங்கே தீனி வைப்பதால் ஈவினிங் குரோஸ்பீக் குருவிகள் வரும்.

இடம்பெயரும் பறவைகளில் லூன் என்ற நீர்ப்பறவைக்கு மட்டும் விதிவிலக்கு, அதற்காக அங்கே போகலாம். ஏரிப் பனி உருகியதும் அட்லாண்டிக் கரையிலிருந்து வந்துவிடும். கோடையில் ஏரிக்கரையில் ஓர் இரவு தங்கினால்தான் அதன் கூப்பாடு முழுதாகக் கேட்கும்.

கார் அனுமதிச் சீட்டை முன்கூட்டியே எடுங்கள். பூங்காவுக்குள் பல இடங்களில் கைபேசி வேலை செய்யாது. இருட்டுமுன் திரும்பிவிடுங்கள்: வசந்தத்தில் மூஸ் மான்கள் வீதியோரப் பள்ளங்களில் உப்புத் தண்ணீர் குடிக்க வரும், கரிய உடம்பு கார் விளக்கில் கடைசி நொடியில்தான் தெரியும்.