பள்ளிப் பெயரை மாற்றலாமா, சிலையை அகற்றலாமா: விவாதத்தை நடத்தும் முறை

அமெரிக்காவில், அடிமைமுறையோடு தொடர்புடையவர்களின் பெயரையும் சிலையையும் பற்றிய இந்த விவாதம் பெரும்பாலும் ‘அவர் நல்லவரா, கெட்டவரா’ என்று தொடங்கிக் கூச்சலில் முடிகிறது. முதலில் கேட்க வேண்டியது வேறு: இந்தக் கௌரவத்தை யார், எந்த ஆண்டில், எதற்காகக் கொடுத்தார்கள்?

அதற்கு ஆவணம் வேண்டும். பெயர் சூட்டிய பள்ளி வாரியக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, அந்த வாரத்து உள்ளூர் நாளிதழ். சிலை என்றால் பீடத்து வாசகம், திறப்பு விழா உரை, நன்கொடையாளர் பட்டியல். புளோரிடாவின் ஜாக்சன்வில்லில் நேதன் பெட்ஃபோர்ட் ஃபாரஸ்ட் பெயரில் ஓர் உயர்நிலைப்பள்ளி இருந்தது. அவர் அடிமை வியாபாரி, கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் முதல் தலைவர், இறந்தது 1877இல். பள்ளிக்கு அவர் பெயர் வந்ததோ 1959இல். அதாவது, பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்து ஐந்தாண்டு கழித்து. 1954, 1959 இரண்டையும் கரும்பலகையில் அருகருகே எழுதுங்கள். ‘இது எங்கள் பாரம்பரியம்’ என்ற வாதம் எவ்வளவு தாங்கும் என்று அவைக்கே தெரிந்துவிடும். 2014இல் அது வெஸ்ட்சைட் உயர்நிலைப்பள்ளி ஆனது.

அடுத்தது அளவுகோல். எந்தப் பெயரையும் விவாதத்துக்கு எடுக்கும் முன்பே அதை எழுத்தில் முடிவு செய்யுங்கள். பெயர் மாற்றம் குறித்து யேல் பல்கலைக்கழகக் குழு 2016இல் வகுத்தவை நன்றாக உதவும்: அவர் விட்டுச்சென்றவற்றில் முதன்மையானது எது? அவர் காலத்திலேயே அதற்கு எதிர்ப்பு இருந்ததா? நிறுவனம் எதற்காக அவர் பெயரை வைத்தது? ‘உள்நாட்டுப் போரின் தென்மாநிலத் தளபதி ராபர்ட் லீயை எடுத்தால், முதல் அதிபர் வாஷிங்டனையும் எடுப்பீர்களா’ என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். வாஷிங்டனும் அடிமைகளை வைத்திருந்தவர்தான், அதை மறைக்கக் கூடாது. ஆனால் அவருக்குச் சிலை வைத்தது நாட்டை நிறுவியதற்காக. லீக்கு வைத்தது, அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன மாநிலங்களின் படையை நடத்தியதற்காக.

அளவுகோல் தளர்ந்தால் நல்ல நோக்கமும் கெட்டுப்போகும். சான் பிரான்சிஸ்கோ வாரியம் 2021 ஜனவரியில் 44 பள்ளிகளின் பெயரை மாற்ற வாக்களித்தது; லிங்கனும் அதில் அடக்கம். வரலாற்றாசிரியர்களைக் கலந்துகொள்ளவில்லை. பட்டியலில் இருந்த இன்னொருவர், அமெரிக்க விடுதலைப் போர் வீரர் பால் ரெவேர். அவர் பங்கேற்ற பெனாப்ஸ்காட் கடற்படையெடுப்பு பிரிட்டிஷாருக்கு எதிரானது. அது பூர்வகுடிகளின் நிலத்தைப் பறிக்கப் போனதாக வாரியத்தின் பெயர் மாற்றக் குழு பிழையாக எழுதியது. ஏப்ரலில் தீர்மானமே ரத்தானது. ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் இரண்டு நம்பகமான சான்று இல்லையென்றால் அதைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

சிலை விஷயத்தில் சட்டத்தை முன்கூட்டியே பாருங்கள். நிலம் யாருடையது, அகற்றும் அதிகாரம் நகரத்துக்கா, மாநிலத்துக்கா? சார்லட்ஸ்வில் நகர மன்றம் 2017இல் லீ சிலையை அகற்றத் தீர்மானித்தும், வழக்கும் வர்ஜீனியா சட்டமும் தடுத்ததால் 2021 ஜூலையில்தான் இறக்க முடிந்தது. ‘சிலை இருக்கட்டும், விளக்கப் பலகை வைப்போம்’ என்ற சமரசமும் எளிதல்ல. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் அடிமை வியாபாரி கோல்ஸ்டனின் சிலைக்கான பலகை வாசகத்தில் உடன்பாடே வரவில்லை. 2020இல் மக்களே அதைத் துறைமுக நீரில் தள்ளினார்கள். பலகை யோசனை வந்தால் வாசகத்தை அதே கூட்டத்தில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

பொது விசாரணையை அவசரப்படுத்தாதீர்கள். வர்ஜீனியாவின் ஷெனாண்டோவா மாவட்டம் 2020இல் ஓர் உயர்நிலைப்பள்ளியிலிருந்து தென்மாநிலத் தளபதி ஸ்டோன்வால் ஜாக்சனின் பெயரை நீக்கியது. மக்களைச் சரியாகக் கேட்கவில்லை என்ற புகார் ஓயவே இல்லை. 2024இல் புதிய வாரியம் பழைய பெயரையே திரும்ப வைத்தது. இரண்டு கூட்டமாவது நடத்துங்கள், இப்போது படிக்கும் மாணவர்களை முதலில் பேசவிடுங்கள். பழைய பெயரை நீக்குவதற்கும் புதுப்பெயருக்கும் தனித்தனி வாக்கெடுப்பு வையுங்கள். சேர்த்து வைத்தால், புதுப்பெயர் பிடிக்காதவர்கள் நீக்குவதையே எதிர்த்து வாக்களிப்பார்கள்.