பழைய போர்ச் செய்தியை வைத்துச் சிரிக்கப் போகிறவர்களுக்கு

போன மாதம் இளைஞர்கள் இருவர் ஆளுக்கொரு நகைச்சுவைக் கட்டுரையை அனுப்பி, பார்த்துத் தரச் சொன்னார்கள். இரண்டுக்கும் ஒரே விஷயம்: 1918 நவம்பர் 7. முதல் உலகப் போர் முடியும் முன்பே 'முடிந்தது' என்று அமெரிக்கப் பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்ட நாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நான் வழுக்கி விழுந்த அதே இடத்தில் இருவரும் விழுந்து கிடந்தார்கள்.

தேதியைச் சரிபார், பெயரைப் பிழையில்லாமல் எழுது என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அது தெரியாதவர் இந்த வேலைக்கே வர மாட்டார்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அன்று மதியத்துக்குச் சற்று முன், நியூயார்க்கில் இருந்த யுனைடெட் பிரஸ் என்ற செய்தி நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் பிரான்சிலிருந்து ஒரு தந்தி வந்தது. காலை பதினொன்றுக்குப் போர் நிறுத்தம் கையெழுத்தானது, பிற்பகல் இரண்டுக்குச் சண்டை நின்றது, செடான் நகரை அமெரிக்கர்கள் பிடித்தார்கள். மூன்று செய்தி, மூன்றும் தப்பு. போர் நிறுத்தம் பேச வந்த ஜெர்மன் தூதுக்குழு அன்று இரவுதான் போர்முனையைக் கடந்து பிரெஞ்சுப் பக்கம் வந்தது. அமெரிக்கப் படை செடானைப் பார்த்த குன்றுகள் வரை வந்திருந்தது, அவ்வளவுதான். ஊருக்குள் நுழையும் பெருமையைப் பிரெஞ்சுக்காரர்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. ஆனால் நியூயார்க் தெருக்களில் அதற்குள் கூட்டம் திரண்டு, ஜன்னல்களிலிருந்து காகித மழை கொட்ட ஆரம்பித்துவிட்டது. இனி, இதை எழுதுகிறவர்கள் வழுக்கும் இடங்கள்.

'பத்திரிகைகள் எல்லாம்' என்று எழுதுவது

எல்லாம் இல்லை. யுனைடெட் பிரஸ் பெரும்பாலும் மாலைப் பத்திரிகைகளுக்குச் செய்தி கொடுத்த நிறுவனம். போட்டி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ் இந்தச் செய்தியை ஏற்கவே இல்லை. பிற்பகலிலேயே வாஷிங்டனும் மறுத்தது. ஆகவே தலைப்பை எடுக்கும்போது அது எந்த ஊர், எந்தப் பத்திரிகை, எத்தனை மணிப் பதிப்பு என்று குறித்துக்கொள்ளுங்கள். உண்மையான வேடிக்கையும் அங்கேதான் இருக்கிறது: மறுப்பு வந்த பிறகும் கூட்டம் கலையவில்லை, இரவு வரை ஆட்டம் பாட்டம்.

தந்தி கொடுத்தவரைக் கோமாளி ஆக்குவது

இதுதான் என் பழைய புண். இன்னும் ஆறவில்லை.

தந்தி கொடுத்தவர் ராய் ஹோவர்ட், யுனைடெட் பிரஸ்ஸின் தலைவரே. ஒரு சிற்றிதழில் நான் எழுதிய கட்டுரையில் அவரை ஒரு குடிகார நிருபர் மாதிரி ஆக்கிவிட்டேன். துறைமுகச் சாராயக் கடையில் யாரோ சொன்னதைக் கேட்டுக் கயிறு திரித்தார் என்று, படித்தவர் வயிறு வலிக்கச் சிரிக்கும்படி, ஒரு பக்கம் முழுக்க. எனக்கே அந்தப் பக்கம் ரொம்பப் பிடித்திருந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்த இதழில் ஒரு வாசகர் கடிதம் வந்தது. எழுதியவர் தந்தி ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு பக்கம், ஒரு வசைச் சொல் கிடையாது. 'ஒரு செய்தித் தந்தி தணிக்கையைத் தாண்டி எப்படி வெளியே போயிற்று என்று கட்டுரையாளர் யோசித்தாரா?' என்று மட்டும் கேட்டிருந்தார். நான் யோசிக்கவில்லை. போர்க்காலத்தில், போர் முடிந்தது என்ற செய்தியை, அதுவும் கடல் கடந்து, சாராயக் கடையிலிருந்து எழுந்து போய் ஒருவர் அனுப்பிவிட முடியுமா? தணிக்கை அதிகாரி எங்கே போனார்?

நடந்தது இது. ஊர் திரும்பக் கப்பல் ஏறுவதற்காக ஹோவர்ட் பிரெஸ்ட் துறைமுகத்துக்கு வந்திருந்தார். பிரான்சில் அமெரிக்கக் கடற்படைக்குத் தலைவரான அட்மிரல் ஹென்றி வில்சனின் அலுவலகம் அங்கேதான். பாரிஸில் இருந்த அமெரிக்கத் தூதரகத்திலிருந்து அந்தச் செய்தி வில்சனுக்கு வந்தது. அனுப்பலாமா என்று ஹோவர்ட் கேட்டார், அட்மிரல் சரி என்றார். உள்ளூர்ப் பத்திரிகை அலுவலகத்தில் தந்தியைத் தயார் செய்தார்கள். ஹோவர்ட் பெயரோடு, பாரிஸில் இருந்த யுனைடெட் பிரஸ் ஆளான வில்லியம் ஃபிலிப் சிம்ஸ் பெயரும் அதில் சேர்ந்தது. பார்த்தால் பாரிஸில் தணிக்கையாகி வந்த தந்தி போலவே இருந்தது. பிரெஸ்டில் இருந்த தணிக்கைக்காரர்களோ போர் முடிந்த குஷியில் தெருவில் நின்றார்கள். தந்தி நேராகக் கடலடிக் கம்பியில் ஏறிவிட்டது.

இரண்டு மணி நேரம் கழித்து, 'உறுதியாகவில்லை' என்று அட்மிரலிடமிருந்து ஆள் வந்தது. ஹோவர்ட் உடனே திருத்தத் தந்தி கொடுத்தார். அது நியூயார்க் போய்ச் சேர்ந்தது மறுநாள்தான். பொய் ஒரு நொடியில் போனது, திருத்தம் வழியில் படுத்துத் தூங்கியது. நான் கட்டிய சாராயக் கடையில் இதில் பாதிச் சிரிப்பாவது இருந்ததா? அட்மிரல் பிறகு தவறு தன் அலுவலகத்தின் வழியே வந்தது என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். நான் அதைக்கூடப் படித்திருக்கவில்லை.

சிற்றிதழ் அந்தக் கடிதத்தை முழுசாகப் போட்டது. ஏற்கெனவே தேர்வாகியிருந்த என் அடுத்த கட்டுரை தபாலில் திரும்பி வந்தது. இரண்டு வருஷம் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க முடியவில்லை. இப்போது வந்த இரண்டு கட்டுரைகளில் ஒன்றில் ஹோவர்ட் பணத்துக்காகப் புளுகுகிறார், இன்னொன்றில் காதலிக்காக! சாராயக் கடையே தேவலை.

கடிகாரத்தை மறப்பது

'இரண்டு மணிக்கு நின்ற சண்டையைப் பன்னிரண்டு மணிக்கே அச்சடித்த தீர்க்கதரிசிகள்' என்று ஒருவர் கிண்டல் செய்திருந்தார். பிரான்சில் பிற்பகல் இரண்டு என்றால் நியூயார்க்கில் காலை ஒன்பது. ஜோக் செத்தது.

இன்னொருவர், 'மணி பதினொன்று சரி, தேதிதான் நாலு நாள் முந்திவிட்டது' என்று எழுதியிருந்தார். அழகான வரிதான். ஆனால் தந்தி சொன்ன பதினொன்று கையெழுத்தான நேரம். நிஜத்தில் கையெழுத்து நவம்பர் 11 விடியற்காலை ஐந்து மணி சுமாருக்கு, கம்பியேன் காட்டில் நின்ற ரயில் பெட்டியில் விழுந்தது. பதினொரு மணி என்பது துப்பாக்கி ஓய்ந்த நேரம்.

போர் நிறுத்தத்தைச் சமாதானம் என்பது

போர் நிறுத்தம் சண்டையை நிறுத்தியது, அவ்வளவுதான். ஜெர்மனியோடு சமாதானம் செய்த வெர்சாய் ஒப்பந்தம் 1919 ஜூன் 28.

இறந்தவர் பட்டியல்

அந்த நாட்களில் அமெரிக்கப் பத்திரிகைகளில் போரில் இறந்தவர், காயம்பட்டவர் பெயர்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. நியூயார்க் ஆடிய பிறகும் நாலு நாள் ஆட்கள் செத்தார்கள். ஹென்றி கன்தர் என்ற அமெரிக்கச் சிப்பாய் விழுந்தது 11ஆம் தேதி 10:59க்கு. சிரிப்புக்காகப் பட்டியல் பக்கம் போகாதீர்கள்.

கட்டுரையில் எடுத்துப் போடும் கார்ட்டூனை விளக்கிச் சொல்வது

வேண்டாம்.