காருக்குப் புது ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும்: வீட்டு முற்றத்தில் நாமே பொருத்தலாம்

கார் ஆடியோ வாங்கக் கடைக்குப் போனால், பெட்டியின்மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் வாட்ஸ் எண்தான் முதலில் கண்ணில் படும். 1200, 3000, 5000 என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து வாங்காதீர்கள். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் வாரக் கடைசியில் பானெட்டைத் திறந்து வைத்து வேலை பார்க்கும் தம்பிகளிடம் நான் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பணத்தை வயரில் போடுங்கள், ஃபியூஸில் போடுங்கள், கதவுக்குள் போடுங்கள். நடுத்தர விலை ஸ்பீக்கரை ஒழுங்காகப் பொருத்தினால் நாதஸ்வரம் நாதஸ்வரமாகவே கேட்கும். விலை உயர்ந்த ஸ்பீக்கர் கதவுத் தகரத்தோடு சேர்ந்து அதிர்ந்தால் உருமி மேளம்கூட டப்பா தட்டுவது போலத்தான் ஒலிக்கும்.

இங்கே சொல்வது ஒரு எளிய அமைப்புக்கு: முன்கதவில் ஒரு ஜோடி ஸ்பீக்கர், பின்னால் ஒரு ஜோடி, டிக்கியில் ஒரு நான்கு சேனல் ஆம்ப்ளிஃபையர். அடி பேஸுக்கென்று தனியாக வரும் பெரிய ஸ்பீக்கரான சப்வூஃபர் இப்போதைக்கு வேண்டாம். என்3 சாலையில் 120 கிலோமீட்டர் வேகத்தில் ஜோகன்னஸ்பர்க் போகும்போது, டயர் சத்தத்துக்கு மேலே லோட்டஸ் எஃப்எம்மில் வரும் பாட்டின் வரிகள் தெளிவாகக் கேட்க இதுவே போதும்.

வாங்கும்போது

பெட்டியில் 'ஆர்எம்எஸ்' என்று ஒரு எண் இருக்கும், அதுதான் கணக்கு. தொடர்ந்து தாங்கக்கூடிய சக்தி அது. 'மேக்ஸ்', 'பீக்' என்பதெல்லாம் கண நேரத்துக்கு வரும் உச்சம், விளம்பரத்துக்கு உதவும். காரோடு வரும் ரேடியோவில் '4 x 50 வாட்ஸ்' என்று எழுதியிருந்தாலும் சேனலுக்கு உண்மையில் கிடைப்பது 15 முதல் 20 வாட்ஸ்தான். சத்தத்தைக் கூட்டும்போது பாட்டு கரகரப்பதற்குக் காரணம் இதுவே. அதனால் சேனலுக்கு 50, 60 வாட்ஸ் ஆர்எம்எஸ் தரும் ஆம்ப்ளிஃபையர் என்றாலே நல்ல வித்தியாசம் தெரியும். ஸ்பீக்கரும் அதே அளவு ஆர்எம்எஸ், 4 ஓம் மின்தடை என்று பொருந்தி வர வேண்டும்.

உங்கள் ரேடியோவின் பின்னால் ஆர்சிஏ அவுட்புட் (ஆம்ப்ளிஃபையருக்குப் பாட்டின் சிக்னலைத் தரும் வட்ட முனைகள்) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னல் எடுத்துக்கொள்ளும் 'ஹை லெவல் இன்புட்' உள்ள ஆம்ப்ளிஃபையராக வாங்குங்கள். அப்படிச் செய்தால் ரேடியோவை மாற்றும் செலவு மிச்சம்.

இனி வயர். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நான்கு சேனல், சேனலுக்கு 60 வாட்ஸ், ஆக 240 வாட்ஸ். பழைய 'கிளாஸ் ஏபி' வகை ஆம்ப்ளிஃபையர் உள்ளே வாங்கும் மின்சாரத்தில் சுமார் 60 சதவீதத்தைத்தான் ஸ்பீக்கருக்குக் கொடுக்கும், மீதி சூடாகப் போய்விடும். அதாவது 400 வாட்ஸ் இழுக்கும். எஞ்சின் ஓடும்போது இருக்கும் 13.8 வோல்ட்டால் வகுத்தால் 29 ஆம்பியர். 'கிளாஸ் டி' வகையில் இது 22 ஆம்பியர் அளவுக்குக் குறையும். இதற்கு 10 சதுர மி.மீ. சுத்தத் தாமிர வயர் போதும். மலிவான கிட்களில் வருவது பெரும்பாலும் அலுமினியத்தின்மேல் தாமிரம் பூசிய வயர். அது மின்சாரத்தை அவ்வளவு நன்றாகக் கடத்தாது, டர்பனின் உப்புக் காற்றில் சீக்கிரம் அரித்தும் போகும். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள்: உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம். அதுதான் கிடைக்கிறது என்றால் 16 சதுர மி.மீ. எடுங்கள்.

கருவிகள்: ஸ்பேனர் செட், ஸ்க்ரூ டிரைவர், பிளாஸ்டிக் நெம்புகோல், வயர் கிரிம்ப் செய்யும் குறடு, டிரில், ஒரு மல்டிமீட்டர். சில நூறு ராண்டுக்கே மல்டிமீட்டர் கிடைக்கும். அது கையில் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

முதல் வேலை: பேட்டரியைக் கழற்றுவது

எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, பேட்டரியின் நெகடிவ் முனையை முதலில் கழற்றுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றினால் ஸ்பேனர் காரின் உடம்பில் பட்டுப் பொறி பறக்கும். பழைய ரேடியோ என்றால் மறுபடி மின்சாரம் வரும்போது ரகசிய எண் கேட்கலாம், முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பிறகு பத்து நிமிடம் பொறுங்கள், ஏர்பேக் அமைப்பில் தேங்கியிருக்கும் மின்சாரம் வடிய வேண்டும். சீட்டுக்கு அடியிலும் டேஷ்போர்டு பக்கமும் மஞ்சள் நிறக் கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக்குக்கு உரியது, கை வைக்காதீர்கள்.

ப்ராஸ்பெக்டனில் தயாராகும் கொரோலா கிராஸின் ஹைப்ரிட் போன்ற வண்டி உங்களுடையது என்றால், ஆரஞ்சு நிற வயர்களில் உயிரைப் பறிக்கும் அளவு வோல்டேஜ் ஓடுகிறது. அந்த வண்டியில் பவர் வயர் இழுக்கும் பகுதியைத் தொழில் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

பவர் வயர் இழுப்பது

பேட்டரியிலிருந்து டிக்கியில் இருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கு மின்சாரம் கொண்டுபோவது இந்த வயர். எஞ்சின் அறைக்கும் உள்ளறைக்கும் நடுவே உள்ள தகரச் சுவரில் ஏற்கெனவே ரப்பர் குரொமெட்டோடு (விளிம்பை மூடும் ரப்பர் வளையம்) ஒரு துளை இருக்கும். அதில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். புதுத் துளை போட வேண்டியிருந்தால் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று இரண்டு தடவை பாருங்கள், துளைக்குக் கட்டாயம் ரப்பர் குரொமெட் போடுங்கள். கூரான தகர விளிம்பில் வயர் உராய்ந்து தோல் கிழிந்தால், பேட்டரியின் முழு மின்சாரமும் காரின் உடம்பில் இறங்கும். கார் தீப்பிடிப்பதற்கு இது ஒன்றே போதும்.

அதனால்தான் ஃபியூஸ். அது ஆம்ப்ளிஃபையரைக் காப்பாற்ற என்று பலர் நினைக்கிறார்கள். வயரைக் காப்பாற்றத்தான் அது இருக்கிறது. பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் ஃபியூஸ் ஹோல்டரைப் பொருத்துங்கள். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவே உள்ள அந்தத் துண்டு வயருக்கு மட்டும் பாதுகாப்பு இல்லை என்பதால் அது எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. நம் கணக்கில் 40 ஆம்பியர் ஃபியூஸ் சரியாக இருக்கும். ஹோல்டரை மாட்டுங்கள், ஃபியூஸை மட்டும் இப்போது உள்ளே போடாதீர்கள்.

வயரைக் காரின் ஒரு ஓரமாக, கதவடி பிளாஸ்டிக் பட்டைகளுக்குக் கீழே இழுத்து டிக்கிக்குக் கொண்டுபோங்கள். ஆர்சிஏ கேபிளை மறு ஓரமாக இழுங்கள். இரண்டும் ஒட்டிப் போனால் எஞ்சின் சத்தம் ஸ்பீக்கரில் ஊளையிடும்.

கிரவுண்ட்

இங்கேதான் பாதி வேலைகள் கெடுகின்றன. ஆம்ப்ளிஃபையரின் நெகடிவைக் காரின் உடம்போடு இணைக்கும் கிரவுண்ட் வயர், பவர் வயரின் அதே தடிமனில், அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். டிக்கித் தளத்தில் உறுதியான தகரமாகப் பார்த்து, பெயின்ட்டை உப்புத்தாளால் பளபளவென்று உலோகம் தெரியும் வரை தேய்த்து, வளைய முனை வைத்து போல்ட் போடுங்கள். சீட் பெல்ட் போல்ட்டைப் பயன்படுத்தாதீர்கள், உயிர் காக்கும் போல்ட் அது. புதுத் துளை போட்டால் கீழே பெட்ரோல் டேங்கோ பிரேக் குழாயோ இல்லை என்று வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுப் போடுங்கள்.

இறுக்கிய பிறகு அந்த இடத்தின்மேல் பெட்ரோலியம் ஜெல்லி பூசுங்கள். டோங்காட், இசிபிங்கோ, ப்ளஃப் என்று கடலோரமாக இருப்பவர்கள் இதை மறக்கவே கூடாது. தேய்த்த தகரத்தில் ஈரக்காற்று பட்டால் துரு பிடிக்க நாளாகாது.

ரேடியோவின் பின்னால்

காரோடு வராமல் வெளியில் வாங்கிய ரேடியோ என்றால், அதை வெளியே எடுத்ததும் வயர்க் கூட்டத்தில் நீலமும் வெள்ளையும் கலந்த ஒரு வயர் இருக்கும். ரேடியோவைப் போடும்போது ஆம்ப்ளிஃபையரையும் எழுப்புகிற ரிமோட் வயர் அது. அதை ஆம்ப்ளிஃபையரின் 'ரெம்' முனைக்கு இழுங்கள். இந்த ரேடியோக்களில் மஞ்சள் நிரந்தர மின்சாரம், சிவப்பு சாவி போட்டால் வரும் மின்சாரம், கறுப்பு கிரவுண்ட். வோக்ஸ்வேகன் வண்டிகளில், நம் தெருவெல்லாம் ஓடும் போலோ, கோல்ஃபில், இந்த மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருப்பது வழக்கம். கவனிக்காவிட்டால் சாவியை எடுத்ததும் ரேடியோவில் சேமித்த ஸ்டேஷன் எல்லாம் மறைந்துபோகும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு இணையுங்கள்.

கதவும் ஸ்பீக்கரும்

நேரம் எடுத்துச் செய்ய வேண்டிய இடம் இது. கதவுப் பலகையைக் கழற்றும்போது கைப்பிடிக்குள்ளும் ஓரத்திலும் மறைந்திருக்கும் ஸ்க்ரூக்களை எல்லாம் எடுத்த பிறகே பிளாஸ்டிக் கிளிப்புகளை நெம்ப வேண்டும். குளிர்ந்த காலையில் கிளிப் உடையும், வெயில் ஏறிய பிறகு செய்தால் வளைந்து கொடுக்கும். பலகையின் பின்னால் கண்ணாடி மோட்டாருக்கும் பூட்டுக்கும் போகும் கனெக்டர்களைக் கழற்றி, பலகையைத் துணி விரித்துச் சாய்த்து வையுங்கள்.

உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதைக் கிழித்து எறிந்துவிடுகிறவர்கள் உண்டு, தயவுசெய்து செய்யாதீர்கள். ஜன்னல் கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைநீர் காருக்குள் வராமல் தடுப்பது அந்தத் தாள்தான். டர்பனின் கோடை மழையில் அது இல்லாமல் இருந்தால் தரைவிரிப்பு நனைந்து நாறும். மெதுவாக உரித்து, வேலை முடிந்ததும் பியூட்டைல் என்ற ஒட்டும் ரப்பர் நாடா வைத்துத் திரும்ப ஒட்டுங்கள். சில புது வண்டிகளில் கதவுக்குள் மோதலை உணரும் அழுத்த சென்சார் இருக்கும், அதற்கும் இந்த மூடல் கெடாமல் இருக்க வேண்டும்.

போலோ போன்ற வண்டிகளில் பழைய ஸ்பீக்கர் ரிவெட் அடித்து இருக்கும். ரிவெட் தலையை டிரில்லால் எடுத்து, விழும் உலோகத் தூளைத் துடைத்துவிடுங்கள். இல்லையென்றால் புது ஸ்பீக்கரின் காந்தம் அதை இழுத்துக்கொள்ளும். உங்கள் வண்டிக்கு உரிய அடாப்டர் வளையம் வாங்கி, அதற்கும் தகரத்துக்கும் நடுவே நுரைப் பட்டை ஒட்டி, ஸ்பீக்கரை இறுக்குங்கள். எம்டிஎஃப் பலகையில் வளையம் வெட்டினால் வார்னிஷ் அடிக்காமல் போடாதீர்கள், ஈரத்தில் ஊதிவிடும். ஜன்னலை முழுவதும் இறக்கிப் பாருங்கள், கண்ணாடி ஸ்பீக்கரின் முதுகில் இடிக்கக் கூடாது.

கதவின் வெளித்தகரத்தை உள்பக்கமாக விரலால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்று ஒலித்தால் பியூட்டைல் அதிர்வுத் தடுப்புத் தாளைத் துண்டுகளாக வெட்டி, நடுப்பகுதியில் உருளை வைத்து அழுத்தி ஒட்டுங்கள். தகரம் முழுவதையும் மூட வேண்டாம், கால் பங்கிலிருந்து பாதி வரை போதும். அடியில் உள்ள நீர் வடியும் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். முழு வேலையிலும் செலவுக்கு மிக அதிகப் பலன் தரும் பகுதி இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

நான்கு ஸ்பீக்கருக்கும் பிளஸ், மைனஸ் மாறாமல் இருக்க வேண்டும். வயர் நிறம் குழப்பினால், மறு முனையில் 1.5 வோல்ட் பேட்டரி செல்லை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். செல்லின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸோடு சேர்ந்தால் கூம்பு வெளியே தள்ளும். உள்ளே போனால் தலைகீழ். ஒரு ஸ்பீக்கர் மட்டும் தலைகீழாக இருந்தால் பேஸ் காணாமல் போய்விடும்.

எழுப்புவது, கெயின் வைப்பது

ஆம்ப்ளிஃபையரை டிக்கியில் ஒரு பலகைமேல் காற்றோட்டமாக ஸ்க்ரூ போட்டு நிறுத்துங்கள். போர்வை, பை எதையும் மேலே போடக் கூடாது. எல்லா இணைப்பையும் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, ஏர்பேக் விளக்கு எரியாமல் இருக்க, கழற்றிய கதவுக் கனெக்டர்களைத் திரும்ப மாட்டிவிட்டு, பேட்டரி நெகடிவை இணையுங்கள். கடைசியாக ஃபியூஸைப் போடுங்கள். ரேடியோவை ஆன் செய்தால் ஆம்ப்ளிஃபையரில் பச்சையோ நீலமோ விளக்கு வரும். 'புரொடெக்ட்' என்று சிவப்பு எரிந்தால் உடனே அணைத்து, ஸ்பீக்கர் வயர் எங்காவது தகரத்தில் படுகிறதா என்று தேடுங்கள்.

கெயின் என்பது சத்தம் கூட்டும் குமிழ் இல்லை. ரேடியோவின் சிக்னலுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் பொருத்தம் பார்க்கிற அமைப்பு அது. சரியாக வைக்க ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றிவிட்டு, கெயினைக் குறைந்த அளவில் வைத்து, பேஸ் பூஸ்ட், ஈக்வலைசர், தாழ்ந்த ஒலிகளைத் தடுக்கும் ஹை பாஸ் ஃபில்டர் எல்லாவற்றையும் அணையுங்கள். ஃபோனிலிருந்து ரேடியோ வழியாக 200 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன் (ஒரே சுருதியில் வரும் சோதனை ஒலி) ஓடவிட்டு, ரேடியோவின் சத்தத்தை முக்கால் பங்குக்கு வையுங்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்டேஜில் வைத்து ஸ்பீக்கர் முனைகளில் தொட்டபடி கெயினை மெதுவாகக் கூட்டுங்கள். எங்கே நிறுத்துவது? வாட்ஸை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்: 60 பெருக்கல் 4, அதாவது 240, அதன் வர்க்கமூலம் 15.5. மீட்டரில் 15.5 வோல்ட் வந்ததும் கையை எடுத்துவிடுங்கள். அப்புறம் ஸ்பீக்கர்களை இணைத்து, ஹை பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் போடுங்கள். சின்ன ஸ்பீக்கர் அடி பேஸைத் தூக்கத் திணறாமல் குரலைத் தெளிவாகக் கொடுக்கும்.

எஞ்சினை ஓட்டிப் பாருங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது கூடவே ஏறும் ஒரு ஊளை கேட்டால் முதலில் கிரவுண்டைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் கோளாறு. அடுத்து ஆர்சிஏ கேபிள் பவர் வயரைத் தாண்டும் இடத்தைப் பாருங்கள். தாண்டியே ஆக வேண்டுமென்றால் குறுக்காக, செங்குத்தாகத் தாண்டட்டும்.

புதிதாகப் பொருத்தியதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லி பாலிசியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், டிக்கியில் ஆம்ப்ளிஃபையர் வெளியே தெரியாதபடி மூடி போடுங்கள், காற்றுப் போக இடம் விட்டு. ஒரு மாதம் கழித்து ஃபியூஸ் ஹோல்டரையும் கிரவுண்ட் போல்ட்டையும் திறந்து பாருங்கள். தளர்ந்திருந்தால் இறுக்குங்கள். பச்சைப் பூஞ்சை போல ஏதாவது படிந்திருந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, கம்பித் தூரிகையால் தேய்த்து மறுபடி ஜெல்லி பூசுங்கள்.