அக்டிவ் கிட்டாருக்கு ஜாக் மாற்றும்போது எங்கே பிழை நேர்கிறது

கேபிளை அசைத்தால் கரகரப்பு, கையை எடுத்தால் சத்தமே இல்லை. கேபிள் செருகும் ஜாக் போய்விட்டதென்று, கடையில் கைக்கு வந்த ஒன்றை வாங்கிப் பூட்டுகிறோம். சாதாரண கிட்டாரில் இப்படிச் செய்தாலும் பெரும்பாலும் தப்பிவிடலாம். உள்ளே 9 வோல்ட் பெட்டரி இருக்கும் அக்டிவ் கிட்டாரிலோ பேஸ் கிட்டாரிலோ அது நடக்காது. அவற்றில் பெட்டரிக்குச் சுவிட்ச்சாக இருப்பதும் அந்த ஜாக்தான்.

வேலை இப்படி நடக்கிறது. ஸ்டீரியோ ஜாக்கில் டிப் (பிளக்கின் நுனியைத் தொடுவது), ரிங் (நடுவில் தொடுவது), ஸ்லீவ் (உடலைத் தொடும் எர்த்) என மூன்று தொடுப்புகள். பெட்டரியின் கறுப்பு வயர் ரிங்கில் இருக்கும். நாம் செருகும் பிளக் மொனோ, அதில் தனி ரிங் இல்லை. அதன் நீண்ட உலோக உடல் ரிங்கையும் ஸ்லீவையும் சேர்த்துத் தொடும்போது கறுப்பு வயர் எர்த்துடன் இணைந்து கிட்டார் உயிர்பெறும். பிளக்கை உருவினால் பெட்டரி துண்டிக்கப்படும்.

ஆகவே மொனோ ஜாக் வாங்குவதுதான் முதல் தவறு. அதில் ரிங் கிடையாது. கறுப்பு வயரை ஸ்லீவிலேயே பற்றவைத்தால் சத்தம் நன்றாக வரும். பெட்டரி மட்டும் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும். நல்ல அல்கலைன் 9 வோல்ட் பெட்டரியில் ஏறத்தாழ 500 மில்லிஅம்பியர் மணி இருக்கும். 1 மில்லிஅம்பியர் இழுக்கும் பேஸ் பிரீஅம்ப் (உள்ளே இருக்கும் சிறு ஒலிபெருக்கிச் சுற்று) அதை மூன்று வாரத்தில் தீர்த்துவிடும். ஈஎம்ஜி 81 போன்ற அக்டிவ் பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பகுதி) ஒன்று 80 மைக்ரோஅம்பியர்தான் இழுக்கும், இரண்டு போட்டால் நாலு மாதம் தாங்கும். அதனால்தான் இந்தப் பிழை சட்டென்று பிடிபடுவதில்லை. பழி பெட்டரிக் கம்பனி மேல் விழும்.

இதைவிடப் பொல்லாதது, வயர் பற்றவைக்க மூன்று கால் இருக்கிறதே என்று நம்பி வாங்குவது. சுவிட்ச் வைத்த மொனோ ஜாக்குக்கும் மூன்று கால் உண்டு, தோற்றமும் கிட்டத்தட்ட ஒன்றே. சுவிட்ச்கிராஃப்ட் தயாரிப்பில் 12ஏ என்பது சுவிட்ச் மொனோ, 12பி என்பது ஸ்டீரியோ. ஓரெழுத்து மாறினால் காரியம் தலைகீழ்: 12ஏ-யின் மூன்றாம் கால் பிளக் இல்லாதபோது டிப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும், பிளக் உள்ளே போனதும் விலகிவிடும். கறுப்பு வயரை அதில் வைத்தால் கிட்டார் ஊமை. தலவாக்கலையிலிருந்தோ பண்டாரவளையிலிருந்தோ கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்கு இரண்டாம் பயணம் போக வைப்பது இந்த மாதிரிச் சறுக்கல்தான்.

கடையிலேயே சோதிக்கலாம். மல்டிமீற்றரைப் பீப் அடிக்கும் நிலையில் வையுங்கள். பிளக் செருகாமல், ஜாக்கின் மரை போட்ட கழுத்துக்கும் ஒவ்வொரு காலுக்கும் தொடுங்கள். பீப் வருவது ஸ்லீவ். பிறகு மொனோ பிளக்கைச் செருகி அதே கழுத்திலிருந்து மற்ற இரண்டையும் பாருங்கள். இப்போது புதிதாகப் பீப் அடிப்பது ரிங், அடிக்காதது டிப். எதுவுமே புதிதாக அடிக்கவில்லை என்றால் அந்த ஜாக்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அடுத்தது அளவு. கிட்டார் ஜாக்கின் கழுத்து விட்டம் பொதுவாக 3/8 அங்குலம், அதாவது 9.5 மில்லிமீற்றர். 9 மில்லிமீற்றர் மெட்ரிக் மரையுள்ளவையும் உண்டு; பழைய நட் அதில் லொடலொடக்கும், இறுகாது. ஜாக்கை அதற்குரிய நட், வாஷரோடு வாங்குங்கள். தகடு மெல்லியதென்றால் 6 மில்லிமீற்றர் நீள மரை போதும். மரத்துக்குள்ளாலேயே வரவேண்டியதென்றால் 9.5 மில்லிமீற்றர் நீளக் கழுத்து தேவை. பக்கவாட்டுத் துளை 12 மில்லிமீற்றரை எட்டினால் அது உருளை ஜாக்குக்கு வெட்டிய துளை. மூடிய உருளைக்குள் தொடுப்பை நெம்பிச் சரிசெய்ய முடியாது. துளை கேட்டாலொழிய அதை வாங்க வேண்டாம். திறந்த உலோக ஜாக்கே நின்று பிடிக்கும்.

திறந்த ஜாக்கில் இன்னொரு சங்கதி. பிளக் நுழையும்போது டிப்பின் நாக்கு வெளியே வளையும். குழியின் சுவரில் செப்புத்தாளோ கறுப்பு ஷீல்டிங் பெயின்டோ இருந்தால் நாக்கு அதில் முட்டி, சத்தம் அடியோடு நின்றுவிடும். பிளக் இல்லாமல் மீற்றரில் பார்த்தால் எல்லாம் சரி என்றே காட்டும். பிளக்கைச் செருகியே பாருங்கள். நாக்கு சுவரைப் பார்க்காதபடி ஜாக்கைத் திருப்பி, எதிரே ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டால் தீர்ந்தது. இந்தச் சோதனைக்கு வொலியூமைத் திறந்து வையுங்கள். பூச்சியத்தில் இருந்தால் பல கிட்டாரில் டிப்பும் எர்த்தும் சேர்ந்தேதான் காட்டும்.

பற்றவைக்கும் முன் பெட்டரியைக் கழற்றுங்கள். ரிங்குக்குப் போவது பெட்டரியின் கறுப்பு வயர் மட்டும். மற்ற எர்த் வயர்கள் எல்லாம் ஸ்லீவுக்கு. ஒரு எர்த் தவறி ரிங்கில் ஏறினாலும் வாசிக்கும்போது வித்தியாசம் தெரியாது. பிளக் இல்லாதபோதும் பெட்டரி வடியும். 30 முதல் 40 வாட் இரும்பும் ரொசின் உள்ள 60/40 ஈயமும் போதும். குழாய் வேலைக்கு விற்கும் அசிட் பசையை இதில் தொடவே கூடாது, வயரை அரித்துவிடும்.

நுவரெலியாப் பக்கத்து மூட்டத்தில் மாதக்கணக்காகக் கிடந்த ஜாக்கை மாற்றுமுன் ஒருமுறை துடைத்துப் பார்ப்பது நல்லது. தொடுப்புகளில் படிந்த கறை போனாலே பாதிக் கரகரப்பு ஓயும். கான்டக்ட் கிளீனரோ ஐசோபுரொப்பைல் அல்ககோலோ நனைத்த பஞ்சு போதும். உப்புத்தாள் வேண்டாம், மேற்பூச்சு உரிந்து மறுபடி சீக்கிரம் கறுக்கும். நாக்கு தளர்ந்திருந்தால் மெல்ல உள்நோக்கி வளைக்கலாம்.

நட்டை இறுக்கும்போது உள்ளே ஜாக்கை அசையாமல் பிடியுங்கள். பிடிக்காமல் திருகினால் ஜாக்கும் கூடவே சுற்றி, புதிதாகப் பற்றவைத்த வயர் முறுகி அறும். பல் வாஷரை உட்புறம் போட மறக்க வேண்டாம்.

எல்லாம் முடிந்தபின் வடிகிறதா என்று பாருங்கள். பெட்டரியை ஒரு பக்கம் கழற்றித் திருப்பி, நேர்முனை மட்டும் கிளிப்பில் நிற்கவிட்டு, விடுபட்ட எதிர்முனைக்கும் கிளிப்பின் எதிர்ப் பொத்தானுக்கும் இடையே மீற்றரை மில்லிஅம்பியரில் வையுங்கள். பிளக் இல்லாமல் பூச்சியம் காட்ட வேண்டும். பிளக்கைச் செருகினால் மைக்ரோஅம்பியரிலோ சில மில்லிஅம்பியரிலோ ஓர் இலக்கம் எழும். இரண்டு நிலையிலும் ஒரே இலக்கம் என்றால் ரிங்கில் ஏதோ எர்த் ஏறியிருக்கிறது. செருகியும் பூச்சியம் என்றால் உங்கள் கேபிள் பிளக்கைப் பாருங்கள்: இரண்டு கறுப்பு வளையம் இருந்தால் அது ஸ்டீரியோ கேபிள், ரிங்கையும் ஸ்லீவையும் அது சேர்க்காது. ஜாக்கில் குறையில்லை, கேபிளை மாற்றுங்கள்.