நிறத்தைப் பார்க்குமுன் ஒப்பீட்டுக் காலத்தைப் பாருங்கள்
வெப்பநிலை வேறுபாட்டு வரைபடத்தை வகுப்பில் காட்டினால், அதன் ஒப்பீட்டுக் காலத்தை, அதாவது எந்த ஆண்டுகளின் சராசரியைவிட வெப்பம் கூடியது அல்லது குறைந்தது என்று படம் காட்டுகிறதோ அந்த ஆண்டுகளை, மாணவர்களை முதலில் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். நிறங்களைப் பற்றிய பேச்சு அப்புறம். நாசா வழக்கமாக 1951–1980 சராசரியோடு ஒப்பிடுகிறது. ஐரோப்பாவின் காலநிலைச் சேவையான கோப்பர்நிக்கஸ் பெரும்பாலும் 1991–2020 சராசரியோடு. பின்னது ஏற்கெனவே சூடேறிய காலம். அதனால் ஒரே ஆண்டு நாசா படத்தில் கருஞ்சிவப்பாகவும் மற்றதில் வெளிர் ஆரஞ்சாகவும் தெரியலாம். 'அப்போ எது சார் பொய்?' என்ற கேள்வி இங்கேதான் வரும். நாசா தளத்தில் வரைபடம் போடும்போது ஒப்பீட்டுக் காலத்தை 1991–2020 என்று மாற்றிக்கொள்ளலாம். நிற அளவுகோலும் ஒன்றாக இருந்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒத்துப்போகும்.

பத்தாண்டுக்கு எத்தனை டிகிரி என்று காட்டும் போக்கு வரைபடங்களுக்கு ஒப்பீட்டுக் காலத்தைப் பார்க்கத் தேவையில்லை: எந்தச் சராசரியை வைத்தாலும் ஏற்றத்தின் வேகம் மாறாது. வழக்கமான மழையில் எத்தனை சதவீதம் பெய்தது என்று காட்டும் வரைபடத்துக்கோ அதைப் பார்ப்பது மட்டும் போதாது. தார் பாலைவனத்தில் வழக்கமான மழையே சொற்பம். ஒரு கனமழை போதும், சதவீதம் எகிறிவிடும்.