கிளைவ் பிரபு என்றால் எந்தக் கிளைவ்? குடும்பக் கதையில் தடுக்கி விழும் இடங்கள்

கட்டபொம்மனைத் தூக்கிலிட்டபோது சென்னையில் கவர்னராக இருந்தவர் ராபர்ட் கிளைவ் என்ற வரியை எத்தனையோ முறை படித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் மனசு சங்கடப்படுகிறது. கயத்தாற்றில் தூக்கு நடந்தது 1799 அக்டோபர் 16. ராபர்ட் கிளைவ் லண்டனில் இறந்தது 1774 நவம்பர் 22. நடுவில் 25 வருடம் இருக்கிறது. அன்று கவர்னராக இருந்தவர் அவருடைய மூத்த மகன் எட்வர்டு கிளைவ்.

குழப்பத்துக்குக் காரணம் பட்டம்தான். அப்பா போனதும் பட்டம் மூத்த மகனுக்கு வந்துவிடும். அதனால் பழைய ஆவணத்தில் இரண்டு பேருமே 'லார்டு கிளைவ்'தான். பெயரைப் பார்க்காதீர்கள், வருடத்தைப் பாருங்கள். 1762-க்கு முன்னால் கிளைவ் பிரபு என்று யாருமே கிடையாது. அந்த வருடத்திலிருந்து 1774 வரை அப்பா. அதற்குப் பிறகு மகன். 1804-ல் மகனுக்கு போவிஸ் ஏர்ல் என்ற பெரிய பட்டம் கிடைக்கிறது. ஆற்காட்டு முற்றுகையை எழுதும்போது 'கிளைவ் பிரபு' என்று போடுவதும் இதே தவறுதான். 1751-ல் அவர் 26 வயது கேப்டன், பட்டம் ஒன்றும் இல்லை.

நமக்கு இது ஏதோ வெளியூர் வம்சாவளிச் சிக்கல் இல்லை. எட்வர்டு கவர்னராக இருந்தது 1798 முதல் 1803 வரை. திப்பு வீழ்ந்தது, கட்டபொம்மன் தூக்கு, 1801-ல் கர்நாடக நவாபின், அதாவது ஆற்காட்டு நவாபின், ஆட்சியைக் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்டது, அதே வருடம் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கு, எல்லாம் அந்த ஐந்து வருடத்துக்குள் வருகிறது. இன்று ராஜாஜி ஹால் என்று நாம் சொல்லும் கட்டடத்தை எழுப்பச் செய்தவரும் அவர்தான். அப்பா பெயரைப் போட்டுவிட்டால் இவ்வளவுக்கும் பொறுப்பான நிர்வாகத்தின் தலைவர் வரலாற்றிலிருந்து நழுவிவிடுகிறார்.

சரி, அப்பா சென்னைக்கு எப்போது கவர்னர்? எப்போதும் இல்லை. 1744-ல் கம்பெனி எழுத்தராக வந்து இறங்கினார், 1753 பிப்ரவரி 18 அன்று புனித ஜார்ஜ் கோட்டையின் செயின்ட் மேரீஸ் தேவாலயத்தில் மார்கரெட் மாஸ்கலினைக் கல்யாணம் செய்துகொண்டார், 1756-ல் கடலூர் புனித டேவிட் கோட்டையின் பொறுப்பை ஏற்றார். கவர்னராக அவர் இருந்தது வங்காளத்தில். கவர்னர் ஜெனரல் என்றும் எழுதக் கூடாது. அந்தப் பதவியில் முதலில் உட்கார்ந்தவர் வாரன் ஹேஸ்டிங்ஸ்.

அடுத்தது கொஞ்சம் நுணுக்கமானது. பிரபு ஆகிவிட்டார், அதனால் பிரபுக்கள் சபையில் உட்கார்ந்தார் என்று எழுதிவிடுகிறோம். அவருக்குக் கிடைத்த 'பிளாசியின் பாரன் கிளைவ்' அயர்லாந்துப் பட்டம். அதைக் கொண்டு லண்டனின் பிரபுக்கள் சபைக்குள் நுழைய முடியாது. அந்தப் பட்டம் இருப்பதால் மக்கள் சபைக்குப் போகத் தடையும் கிடையாது. ஷ்ரூஸ்பரி தொகுதி உறுப்பினராக 1761 முதல் சாகும்வரை அங்கேதான் இருந்தார். 1773-ல் அவருடைய சொத்தைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்ததும் அதே சபையில்தான். அவர் 2,34,000 பவுண்டு பெற்றார் என்று சபை பதிவு செய்தது. கூடவே, நாட்டுக்குப் பெரும் சேவை செய்தார் என்றும் தீர்மானம் போட்டது. ஆளுக்கொரு பாதியை மட்டும் எடுத்து எழுதுகிறார்கள். இரண்டும் சேர்ந்ததுதான் அன்றைய பிரிட்டன், எனவே இரண்டையும் எழுத வேண்டும்.

ஏழை வீட்டுப் பையன் என்பதும் சரியில்லை. ஷ்ரோப்ஷயரில் ஸ்டைச் என்ற இடத்தில் தலைமுறை தலைமுறையாக நிலம் வைத்திருந்த குடும்பம். 13 பிள்ளைகளில் மூத்தவர் ராபர்ட். நிலம் இருந்தது, கையில் காசு ஓடவில்லை, அவ்வளவுதான்.

இப்போது வேல்ஸில் உள்ள போவிஸ் கோட்டை. கிளைவ் இந்தியப் பணத்தில் கட்டிய கோட்டை என்று சிலர் எழுதுகிறார்கள். அது 13-ஆம் நூற்றாண்டுக் கோட்டை, 1587 முதல் ஹெர்பர்ட் குடும்பத்தின் சொத்து. எட்வர்டு 1784-ல் மணந்த ஹென்ரியெட்டா அந்த வீட்டுப் பெண். அவருடைய அண்ணன் 1801-ல் வாரிசு இல்லாமல் இறந்தார். சொத்து தங்கை மகனுக்கு, ஆனால் அவன் ஹெர்பர்ட் என்று பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது உயிலின் நிபந்தனை. 1807-ல் மாற்றிக்கொண்டார். அதனால் அதற்குப் பிறகு இந்த மூத்த கிளையைக் கிளைவ் என்ற பெயரில் தேடினால் கிடைக்காது. ஹெர்பர்ட் என்று தேடுங்கள்.

அந்தக் கோட்டையில் இன்றும் திப்புவின் கூடாரம் இருக்கிறது, பூவேலை அச்சிட்ட பருத்தித் துணியில் தைத்தது. அவருடைய சிம்மாசனத்திலிருந்து வந்த தங்கப் புலித் தலையும் இருக்கிறது, மாணிக்கமும் மரகதமும் பதித்தது. இரண்டும் 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது போனவை. ராபர்ட்டின் கொள்ளை என்று படத்துக்குக் கீழே எழுதாதீர்கள். அவர் அப்போது மோர்ட்டன் சே கிராமத்து தேவாலயத்தில், கல்லறைக் குறிகூட இல்லாமல், புதைந்து கிடந்தார்.

அப்புறம், இந்தக் குடும்பத்துப் பெண்களை விட்டுவிடுவது. இது எனக்கு ரொம்ப வருத்தம் தரும் விஷயம். ஹென்ரியெட்டா 1800-ல் இரண்டு மகள்களுடன் சென்னையிலிருந்து கிளம்பி பெங்களூர், ஸ்ரீரங்கப்பட்டணம், கோயம்புத்தூர், திருச்சி, தஞ்சாவூர் என்று மாதக்கணக்கில் சுற்றினார். இளைய மகள் சார்லட்டுக்கு அப்போது 12 வயது. அந்தப் பயணத்தை நாட்குறிப்பாக எழுதினாள். பின்னாளில் நார்தம்பர்லாந்து சீமாட்டியாகி, இளவரசி விக்டோரியாவுக்கு ஆசிரியையாகவும் இருந்தார். தோட்டக்காரர்கள் 'கிளைவியா' என்று சொல்லும் ஆரஞ்சுப் பூச்செடி உண்டே, 1828-ல் தாவரவியலாளர் ஜான் லிண்ட்லி அதற்கு வைத்த பெயர் தாத்தாவை நினைத்து வைத்ததல்ல, இந்தப் பேத்தியை நினைத்து வைத்தது.